நாலாம் மரத்துப் பட்டை

அந்தத் தெருவில் பெயிண்டரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். நல்ல மனுஷன், கை சுத்தம், சொன்னால் சொன்னபடி செய்வார், கோடு இழுத்தால் நூல் பிடித்தது மாதிரி இருக்கும். அப்பேர்ப்பட்டவர்தான் ஒரு நாள் காலையில், தெருவிலேயே ரொம்ப ஆரோக்கியமாக நின்ற மரத்தின் பட்டையை ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றி வளைத்து உரித்து வைத்தார். எப்படி நடந்தது என்று கேட்டால், ஒரு வார்த்தையால் வந்த குழப்பம் என்று இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பாதிதான்.

எல்லாம் ஒரு வண்டால் வந்த வினை. விரல் நகத்தை விடப் பெரிதாக இருக்காது. பச்சையாக, பளபளவென்று, கையில் எடுத்துக் கொஞ்சலாம் போல இருக்கும். கடல் கடந்து சாமான் ஏற்றி வந்த மரப்பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு வந்து இறங்கியதாம். வண்டாவது இலையைக் கொறிப்பதோடு சரி. அதன் புழு இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. பட்டைக்கு அடியில் புகுந்துகொண்டு வளைந்து வளைந்து தின்னும், வெளியே ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தால் உச்சிக் கிளை மொட்டையாக நிற்கும். அப்புறம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

தெருவில் இருந்த பதினான்கு மரங்களும் ஒரே இனம். நட்டவர்கள் அப்படி நட்டுவிட்டார்கள், இப்போது யாரைப் போய்த் திட்டுவது? இரண்டு மரம் போன வருஷமே போய்விட்டது. நகராட்சியில் மரங்களைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பெண், அவருக்கு ஊர் முழுக்க நாலாயிரம் மரம். தெருவில் எல்லாரும் அவரை மர டாக்டர் என்றார்கள். ஒல்லியாக இருப்பார், தோளில் பெரிய பையோடு எப்போதும் ஓட்டமும் நடையுமாகத் திரிவார். ஒண்டி ஆளாக முடியாது என்று தெருவுக்கு ஒருவரைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார். ஏணியும் பட்டி தேய்க்கிற இரும்புத் தகடும் வைத்திருக்கும் பெயிண்டரை விட்டால் இந்தத் தெருவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

திட்டம் இதுதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காயாத மரத்துக்கு ஊசி. தண்டில் துளை போட்டு மருந்து ஏற்றுவார்கள், இரண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை. அதற்கு மேல் காய்ந்துவிட்டால் ஊசி போட்டும் பிரயோஜனம் கிடையாது. பன்னிரண்டில் அப்படிக் கைவிட்ட மரம் ஒன்றே ஒன்று, ஒன்பதாம் நம்பர். அதை வெறுமனே சாக விடாமல் பொறியாக வைக்கலாம் என்றார் மர டாக்டர். பட்டையை வளையமாக உரித்துவிட்டால் மரம் சோர்ந்துபோகும். சோர்ந்த மரத்தின் வாசனைக்கு வண்டுகள் கூட்டமாக அங்கே போய் முட்டையிடும், மற்ற மரங்களை அவ்வளவாகத் தொடாது. குஞ்சுகள் வெளியே வருவதற்குள் மரத்தை வெட்டி அரைத்துத் தூளாக்கிவிட்டால் அந்த வருஷத்துக் கூட்டம் அதோடு ஒழிந்தது. இந்த உரிக்கிற வேலைக்கு, பயிற்சியில் எல்லாரும் சொன்ன பெயர் 'பட்டை எடுக்கிறது'.

ஒன்பதாம் மரம் அக்கா வீட்டு வாசலில் நின்றது.

அக்கா என்றால் பெயிண்டருக்குக் கூடப்பிறந்த அக்கா. பெயிண்டருக்குக் கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. எதிர் வீட்டு மாடியில் ஓர் அறை, மூன்று வேளையும் சாப்பாடு அக்கா கையால். மாமா போய் ஆறு வருஷம் ஆகிறது. மாமா இருந்தவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்த அக்கா, அவர் போன பிறகு அந்தத் திட்டையெல்லாம் வாசல் மரத்துக்கு மாற்றிவிட்டாள். காலையில் துடைப்பத்தோடு வந்து, "பெருக்கி முடிக்கிறதுக்குள்ள இன்னொரு கூடையைக் கொட்டிட்டியா, உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடும். பெயிண்டர் மாடி ஜன்னலில் பல் தேய்த்துக்கொண்டே கேட்பார்.

பொறி மரம் ஒன்பதுதான் என்று முடிவானபோது அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். உடம்பு முடியாதவர்களைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடுவது மாதிரியா, சரி, கூடட்டும் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் அக்கா வாசல் பெருக்க வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது, "எப்ப எடுக்கப் போற?" என்று மட்டும் கேட்டாள். மர டாக்டர் சொன்னதும் என்றார் பெயிண்டர். எந்தக் கையிலிருந்து சாப்பாடு வாங்குகிறோமோ அந்தக் கைக்காரியின் மரத்தை நாமே போய் உரிக்க வேண்டுமா என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அப்புறம் ஒரு காலையில் போனில் மர டாக்டரின் தகவல் வந்தது. "4ஆம் மரத்துப் பட்டையை இன்றே எடுத்துவிடவும்." அவ்வளவுதான்.

இங்கேதான் அந்த வார்த்தை. வண்டு வந்திருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு மரத்துத் தண்டிலும் பசை தடவிய மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை ஒன்று சுற்றியிருந்தார்கள். அதற்கு ஒட்டுப் பட்டை என்று பெயர். மறுநாள் நாலாம் மரத்துக்கு ஊசி போட வேண்டும், ஒட்டுப் பட்டை இடைஞ்சலாக இருக்கும், எடுத்துவிடுங்கள் என்று அந்தப் பெண் சொல்ல நினைத்தது. பஸ்ஸில் நின்றபடி தட்டியதில் 'ஒட்டு' விட்டுப்போயிற்று.

பெயிண்டர் மஞ்சள் பட்டையைக் கழற்றி மடித்துக் குப்பையில் போட்டார், அப்புறம் தகட்டை எடுத்தார். நாலாம் மரம் நர்ஸம்மா வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரில் இருந்தது. நர்ஸம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் எப்போதும் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். காலை வெயில் அந்த ஜன்னலில் சுளீரென்று அடிக்கும், மரம் இருப்பதால்தான் அறை இருட்டாக, குளுகுளுவென்று இருக்கும். பாவம், தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்று பெயிண்டர் சுத்தியலைத் தொடவே இல்லை. தகட்டை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு கீறினார். துளிர்க்கிற பருவம், மரத்தில் பால் ஏறியிருந்தது, பட்டை ஈரமாக, முழுசாகக் கழன்று வந்தது. வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது, அவரே ஓர் எட்டுப் பின்னால் போய் நின்று ரசித்தார்.

மறுநாள் ஊசிப் பையோடு வந்த மர டாக்டர் நாலாம் மரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். போனை எடுத்துத் தான் அனுப்பியதைத் தானே படித்தார். உரித்த பட்டை இருக்கிறதா என்று கேட்டார். குப்பை வண்டியில் போய்விட்டது. அவர் ஒரு கடுஞ்சொல் சொல்லியிருந்தால் பெயிண்டருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். அந்தப் பெண்ணோ, "தப்பு என்னோடதுதான் அண்ணா, ஒட்டுப் பட்டைன்னு எழுதியிருக்கணும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாலு மணிக்குப் பேக்கரியின் பின்கட்டில் தெரு கூடியது. மாவு பிசையும் நீள மேஜையைத் துடைத்துவிட்டு அதைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். அடுப்புச் சூடு இன்னும் அறையில் இருந்தது. நர்ஸம்மாவைக் கூப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார். எழுப்ப வேண்டாம், அசந்து தூங்குவார் என்றார் பேக்கரிக்காரர். எல்லாருக்கும் நர்ஸம்மா மேல் அவ்வளவு பாசம்.

மர டாக்டர் நிலைமையை எடுத்துச் சொன்னார். வேரிலிருந்து தண்ணீர் மேலே போவது நிற்காது, அதனால் மரம் இந்த வருஷம் பச்சையாகத்தான் இருக்கும், ஊசி மருந்தும் ஏறும். ஆனால் இலை ஆக்குகிற சாப்பாடு பட்டை வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். அந்த வழி போய்விட்டது, வேர் பட்டினி கிடந்தே செத்துப்போகும். இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நாலாம் மரத்தையே பொறியாக வைத்துக்கொண்டு ஒன்பதை அப்படியே விட்டுவிடுவது. இரண்டாவது, நாலுக்குப் பாலம் போட்டுப் பார்ப்பது. அதே மரத்துக் குச்சிகளை வெட்டி, உரித்த இடத்துக்குக் குறுக்கே வைத்து, மேல் நுனியை மேல் பட்டைக்குள்ளும் கீழ் நுனியைக் கீழ்ப் பட்டைக்குள்ளும் செருக வேண்டும். பிடித்துக்கொண்டால் மரம் பிழைக்கும். பாதிக்குப் பாதிதான் நம்பிக்கை, அதுவும் இன்றைக்கே செய்தாக வேண்டும். அப்படிச் செய்தால் பொறிக்கு ஒன்பதுதான்.

"எதுக்கு வம்பு? போனது போச்சு," என்றார் பேக்கரிக்காரர். "நாலையே வெச்சுக்குவோம். அக்கா மரமாவது இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். நம்ம பெயிண்டர் என்னமோ வேணும்னா செஞ்சாரு? பட்டையை எடுங்கன்னா பட்டையைக் கிளப்பிட்டாரு!"

மேஜையே குலுங்கச் சிரித்தார்கள். பட்டையைக் கிளப்புவது என்றால் ஜமாய்ப்பது. இந்த மாதிரி ஒரு ஜோக் அமைந்தால் யார்தான் விடுவார்கள்? மர டாக்டர்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள். ஒரு வாரமாக அக்கா முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்ததைப் பெயிண்டர் பார்த்தார். அக்கா மேஜைக்கு அடியில் தம்பியின் முழங்காலை ஒரு தட்டுத் தட்டினாள்.

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பழியை ஒரு வார்த்தை சுமந்துகொண்டிருக்கும், பாக்கியை மர டாக்டர் சுமந்திருப்பார். அக்கா மரம் இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ நின்றிருக்கும். நர்ஸம்மா எழுந்து வரும்போது எல்லாம் முடிவாகியிருக்கும், வார்த்தைக் குழப்பம் என்றதும் அவரும் பாவம் சிரித்திருப்பார். சுவரில் விரிசல் விட்டால் பட்டி வைத்துத் தேய்த்து மேலே பெயிண்ட் அடிப்பது இருபத்தெட்டு வருஷமாகப் பெயிண்டர் செய்கிற வேலைதான். எழுந்து நின்றார், நாற்காலி கீழே விழுந்தது.

"அது தப்பா புரிஞ்சு செஞ்சதில்ல," என்றார். "படிச்சதும் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நாலு நல்ல மரமாச்சே, அதைப் போய் ஏன் எடுக்கச் சொல்றாங்கன்னு. கேட்டுடலாம்னு போனைக்கூட எடுத்தேன். கேட்டா, இல்லண்ணா ஒன்பதுன்னு சொல்லிடுவாங்களோன்னு வெச்சுட்டேன். படிச்சவங்க தெரியாமலா சொல்வாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எனக்குத் தெரியும். எங்க அக்கா மரம் தப்பிச்சா போதும்னுதான் உரிச்சேன்."

விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரே, "நர்ஸம்மா தூங்குறாங்கன்னுதான் எல்லாம் சுலபமா இருந்துச்சு. இப்பவும் அவங்க தூங்குறாங்க," என்றார்.

அக்கா எழுந்தாள். முழங்கால் வலிக்காரி, மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும். தம்பியின் முகத்தைப் பார்க்கவே இல்லை, பின்கதவு வழியாக வெளியே போய்விட்டாள். அம்மா இல்லாத வீட்டில் அவருக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். ஊரே சிரித்தாலும் தாங்கலாம், அக்கா பேசாமல் போவதைத் தாங்க அவருக்குத் தெம்பு கிடையாது. பின்னாலேயே ஓடலாமா என்று பார்த்தார். மர டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெளிச்சம் இன்னும் இரண்டரை மணி நேரம்தான் இருக்கும், பாலம் போட்டுடலாம், வாங்க என்றார்.

முதல் காரியமாகப் பெயிண்டர் நர்ஸம்மா வீட்டுக் கதவைத் தட்டினார். நர்ஸம்மா கலைந்த தலையோடு, ஒரு கன்னத்தில் தலையணைக் கோடு விழுந்திருக்க வந்து நின்றார். பெயிண்டர் ஒன்றையும் விடாமல் சொன்னார், போனை எடுத்து வைத்தது வரை. நர்ஸம்மா மரத்தருகே வந்து காயத்தைக் குனிந்து பார்த்தார், ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துப் பார்ப்பாரே அந்த மாதிரி. உரித்த இடத்தின் ஓரத்தை விரலால் தொட்டார்.

"என்னை எழுப்பியிருக்கலாமே," என்றார்.

பெயிண்டருக்குத் தலை குனிந்துவிட்டது. நர்ஸம்மா உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்றுதான் பெயிண்டர் நினைத்தார். ஈரத் துண்டும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு நர்ஸம்மா திரும்பி வந்தார். எத்தனை குச்சி, எவ்வளவு நீளம் என்று மர டாக்டரிடம் கேட்டு, வெட்டிய குச்சிகளைக் காயாமல் துண்டில் சுற்றி வைத்தார். அப்புறம் பெயிண்டரைப் பார்த்து, "முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க. ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு ஆரம்பிங்க," என்றார். அந்த அம்மா திட்டவில்லை என்பதே அவருக்குப் பெரிய திட்டாக இருந்தது.

எட்டுக் குச்சி, ஒவ்வொன்றும் பென்சில் கனம். மர டாக்டர் நுனிகளை ஆப்பு மாதிரி சீவிக் கொடுத்தார். எது மேல் நுனி எது கீழ் நுனி என்று மாறிவிடக் கூடாது, தலைகீழாக வைத்தால் பிடிக்காது என்று நாலு தரம் சொன்னார். பெயிண்டர் ஒவ்வொரு முறையும், "இதுதானே மேல?" என்று கேட்டுக் கேட்டுச் செருகினார். பட்டையில் கீறல் போட்டு, குச்சியைச் சற்று வில்லாக வளைத்து உள்ளே தள்ளி, சின்ன ஆணி ஒன்று, மேலே மெழுகு. பேக்கரிக்காரர் மெழுகை உருக்கி உருக்கிக் கொண்டுவந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, கூச்சம்தான் இருந்தது. ஏழு குச்சி ஏறியது. பிடித்ததா இல்லையா என்று தெரிய ஒரு மாசம் ஆகும் என்றார் மர டாக்டர்.

எட்டாவது குச்சி திமிறியது. மேல் நுனியைச் செருகினால் கீழ் நுனி தெறித்தது. யாராவது கொஞ்சம் பிடியுங்கள் என்று பெயிண்டர் திரும்பாமலேயே சொன்னார். பக்கவாட்டிலிருந்து ஒரு கை வந்து குச்சியை அழுத்திப் பிடித்தது. விரல் இடுக்கெல்லாம் பச்சைக் கறை, நகத்துக்குள் மரத்தூள், கட்டைவிரலில் துணி சுற்றிய ஒரு வெட்டு. அந்தக் கையை அவருக்கு நன்றாகத் தெரியும்.

பெயிண்டர் ஆணியை அடித்து முடித்தார்.

"ஒன்பதுக்கு நானே எடுத்துட்டேன்டா," என்றாள் அக்கா. "காய் நறுக்குற கத்திதான். கோணல் மாணலா இருக்கும், நீ போய்ப் பாத்துச் சிரிக்காத."

நீ ஏன் அக்கா, நான் வந்து செய்திருப்பேனே என்று பெயிண்டர் முனகினார்.

"செய்வ. செஞ்சுட்டு? எனக்காகத்தானே இத்தனையும் பண்ணி வெச்ச. இந்த மரத்தை உரிச்ச கையோட அதையும் உரிச்சுட்டு வந்தின்னா, அப்புறம் தினம் மூணு வேளை என் மூஞ்சியைப் பாத்து எப்படிடா சாப்பிடுவ?"

தெருவில் எட்டுப் பேர் பார்க்க, ஐம்பத்திரண்டு வயது மனுஷன் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார். அக்கா அழவில்லை. மெழுகு உருக்கிய பாத்திரம் காலில் இடறப்போகிறது, பார்த்து நில் என்றாள்.

வெளிச்சம் போவதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒன்பதாம் மரத்துக்கு நடந்தார்கள். அக்கா சொன்னது சரிதான், கோணல் மாணல். ஓர் இடத்தில் நாலு விரல் அகலம், ஓர் இடத்தில் ஒரு சாண். கத்தி வழுக்கிய கீறல்கள் தாறுமாறாக ஓடின. பெயிண்டர் கையால் தடவிக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தார். அக்கா வீட்டு வாசலைப் பார்த்த பக்கத்தில் விரல் நின்றது. அங்கே மேலிருந்து கீழ்வரை, ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை அப்படியே இருந்தது. அவ்வளவு இருந்தால் போதும், வேருக்குச் சாப்பாடு இறங்கிக்கொண்டே இருக்கும், பொறி பொறியாகாது. பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விஷயம் அது. பொறி மரம் முடிவான கூட்டத்தில் அக்காவுக்கும் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, இங்க கொஞ்சம் விட்டுப்போயிருக்கு."

"விட்டுப்போகலடா. அங்க வந்ததும் எனக்குக் கை ஓடல."

பெயிண்டர் சட்டைப் பையிலிருந்து தகட்டை எடுத்தார். எடுத்தவர் அதைப் பட்டையில் வைக்காமல் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"எடுத்துடவா?"

அக்கா கிளையை நிமிர்ந்து பார்த்தாள், காய்ந்த பாதியையும் துளிர்த்த பாதியையும். அப்புறம் கறை படிந்த கையைத் தம்பியின் தோளில் வைத்தாள்.

"எடுத்துடு. மெதுவா எடு."

அவர் மெதுவாக எடுத்தார்.